‘லாம்’ என்று முடியும் வரிகள்: 3ஜிபிபி பிரதிநிதிகளுக்கு ஒரு திறந்த மடல்

3ஜிபிபி செயற்குழுக்களை நடத்தும் தலைவர்களுக்கும், அங்கே உட்கார்ந்து முடிவெடுக்கும் பிரதிநிதிகளுக்கும்,

வணக்கம்.

கைபேசிகளைச் சோதிப்பது என் வேலை. கைபேசி நெட்வொர்க்குகளுக்கான உலகத் தரநிலைகளை எழுதுவது உங்கள் 3ஜிபிபி. நீங்கள் எழுதிய ஸ்பெக், அதாவது தொழில்நுட்ப விதிகளின் ஆவணம், ஒரு திரையில் இருக்கும். கைபேசிக்குள் டவரோடு பேசும் மோடம் தரும் லாக், அதாவது அது என்ன செய்தது என்ற பதிவு, இன்னொரு திரையில் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று வரி வரியாகப் பார்க்க வேண்டும். பல வருடமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். உங்களில் ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் எந்த இடத்தில் ‘வேண்டும்’ போட்டீர்கள், எந்த இடத்தில் ‘லாம்’ போட்டீர்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த ‘லாம்’ பற்றித்தான் இந்தக் கடிதம்.

கொஞ்ச நாள் முன்பு நடந்ததைச் சொல்கிறேன். வெளி அலை உள்ளே புகாத உலோகப் பெட்டிக்குள் ஒரு கைபேசியை வைத்து மூடினோம். டவர் போல நடந்துகொள்ளும் சோதனைக் கருவியை அதனோடு இணைத்தோம். அன்றைய சோதனை எளிமையானது. குறியாக்கம், அதாவது நாங்கள் தினமும் என்கிரிப்ஷன் என்று சொல்வது, இல்லாமலேயே 4ஜி இணைப்பு கொடுத்தால் கைபேசி என்ன செய்யும் என்று பார்க்க வேண்டும். கருவியில் குறியாக்கத்தை அணைத்தேன். கைபேசி இணைந்தது. மணி அடித்தது. பேச்சு போனது. திரையில் வழக்கமான சிக்னல் கோடுகள், பக்கத்தில் 4ஜி என்ற எழுத்து. அதைத் தவிர ஒரு அடையாளமும் இல்லை.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பி ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “அண்ணா, இது ஃபெயில்தானே?” என்று கேட்டார். “இல்லை, பாஸ்” என்றேன். அவர் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. சரி, காட்டிவிடலாம் என்று சிம் கார்டைக் கழற்றி ரீடரில் போட்டேன். அதில் நிர்வாகத் தகவல் என்று ஒரு சின்னக் கோப்பு இருக்கிறது. சில பைட்டுகள்தான். அதற்குள் ஒரே ஒரு பிட். அது 1 என்றால், குறியாக்கம் இல்லாதபோது கைபேசி அதைத் திரையில் சொல்லும். 0 என்றால் சொல்லாது. எங்கள் கார்டில் 0 இருந்தது.

உங்கள் ஸ்பெக்கில் இது இப்படித்தான் இருக்கிறது. இணைப்பில் குறியாக்கம் இல்லையென்றால் அதைக் கைபேசி பயனருக்குத் தெரிவிக்கும் வசதி வேண்டும் என்று எழுதினீர்கள். அதைப் படித்தபோது மனசுக்கு நிறைவாக இருந்தது. அடுத்து, சிம்மில் ஒரு தகவலை எழுதி அந்த வசதியைச் சேவை நிறுவனம் அணைத்துவிடலாம் என்றும் எழுதினீர்கள். முதல் வரியில் ‘வேண்டும்’, அதற்கடுத்து ‘லாம்’. இரண்டாவது வரி முதல் வரியைச் சாப்பிட்டுவிட்டது. சோதனைப் பதிவேட்டில் ‘பாஸ்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஸ்பெக்படி அதுதான் சரி. அந்தத் தம்பி அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்காமல் விட்டதுதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

உங்கள் எழுத்து விதிகள் தெளிவானவை. கட்டாயத்துக்கு ஒரு சொல், பரிந்துரைக்கு ஒரு சொல், அனுமதிக்கு ஒரு சொல். தமிழில் சொன்னால் ‘செய்ய வேண்டும்’, ‘செய்வது நல்லது’, ‘செய்யலாம்’. சோதனைக்கூடத்தில் இருப்பவர்களுக்கு இந்த மூன்றும் மூன்று வேறு உலகம். ‘வேண்டும்’ என்ற வரிக்குச் சோதனை உண்டு. தோற்றால் கைபேசி திரும்பிப் போகும், சரிசெய்து மறுபடி வரும். ‘நல்லது’ என்ற வரியை நிறுவனத்துக்கு நிறுவனம் ஒரு மாதிரி எடுத்துக்கொள்வார்கள். ‘லாம்’ என்ற வரியில் எதைச் செய்தாலும் தேர்ச்சிதான். உலகமெங்கும் மக்கள் கையில் இருக்கும் ஒரு கருவி எதைச் செய்தே ஆக வேண்டும் என்பதை அந்த ஒரு விகுதிதான் தீர்மானிக்கிறது.

நீங்கள் செய்திருக்கும் வேலையின் அளவு எனக்குத் தெரியும். 1980களில் ஐரோப்பாவில் ஆளுக்கொரு கைபேசி முறை வைத்திருந்தார்கள். எல்லை தாண்டினால் கைபேசி செத்த பொருள். 1982இல் ஒரு குழு உட்கார்ந்தது, 1987இல் 13 நாடுகள் சேர்ந்து கையெழுத்துப் போட்டன, 1991 ஜூலை 1 அன்று பின்லாந்தில், ஜிஎஸ்எம் என்ற அந்தப் பொது 2ஜி முறையில் முதல் அழைப்பு போனது. 1998 டிசம்பரில் உங்கள் அமைப்பு உருவானது. இன்று ஐரோப்பா, அமெரிக்கா, சீனா, ஜப்பான், தென்கொரியா, இந்தியா ஆகிய இடங்களின் ஏழு தர அமைப்புகள் ஒரே ஸ்பெக்கை எழுதுகின்றன. அரசுகள் முறைத்துக்கொண்டிருக்கும் காலத்திலும் உங்கள் பொறியாளர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரே வரியைத் திருத்துகிறார்கள். எழுதி முடித்த ஸ்பெக்கை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் இறக்கிப் படிக்கலாம். கூட்டத்துக்கு வந்த ஆவணங்கள்கூடப் பொதுவில் இருக்கின்றன. எத்தனையோ துறைகளில் தரநிலைப் புத்தகத்தைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. அந்த வகையில் உங்கள் கதவு பெரும்பாலும் திறந்தே இருக்கிறது. என்னைப் போன்ற ஒருவன் இப்படிக் கடிதம் எழுத முடிவதே அதனால்தான்.

அந்த ஆவணங்களைப் படித்துப் படித்து, ஒரு ‘லாம்’ எப்படிப் பிறக்கிறது என்று ஓரளவு புரிந்துகொண்டேன். ஒரு வாரக் கூட்டம். ஆயிரக்கணக்கான ஆவணங்கள் வந்து குவிந்திருக்கும். ஒரு நிறுவனம் ஒரு முறையை முன்வைக்கும், இன்னொன்று வேறு முறையை. வாக்கெடுப்பு என்று போனால் 71 சதவீதம் தேவை. ஆனால் தொழில்நுட்பக் கேள்விகளில் அந்த எல்லைக்கு நீங்கள் போவது அபூர்வம். யாரும் விடாப்பிடியாக எதிர்க்காதவரை பேசிப் பேசியே முடிப்பீர்கள். தலைவர், “வெளியே போய்ப் பேசிவிட்டு வாருங்கள்” என்பார். காபி மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் நிற்பார்கள். முடிவாகாத எண்ணைச் சதுர அடைப்புக்குள் போடுவீர்கள், முடிவாகாத கேள்விக்குப் பக்கத்தில் ‘மேலும் ஆராய வேண்டியது’ என்று குறிப்பீர்கள். வெள்ளிக்கிழமை வந்துவிடும், சிலருக்கு விமானத்துக்கு நேரமாகும். அப்போது யாராவது ஒருவர் சொல்வார்: இரண்டையும் எழுதிவிடுவோம், தேவைப்பட்டவர்கள் தேவைப்பட்டதைப் பயன்படுத்தலாம். யாருக்கும் தோல்வி இல்லை. அறை ஒப்புக்கொள்கிறது. அடுத்த விஷயத்துக்குப் போகிறீர்கள்.

இதில் தப்பு சொல்ல முடியாது. நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் சேர்ந்து ஒன்றைக் கட்டும்போது இப்படி விட்டுக்கொடுக்காமல் எதுவும் நகராது. ஆனால் எல்லா விஷயத்திலும் நீங்கள் இப்படி விட்டுக்கொடுப்பதில்லை என்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

2016 நவம்பர். அமெரிக்காவின் ரீனோ நகரில் ரேடியோ செயற்குழுவின் கூட்டம். அலையில் போகும்போது சிதையும் பிட்டுகளைச் சரிசெய்ய 5ஜியில் எந்தப் பிழை திருத்தும் குறிமுறை என்ற கேள்வி. 1960களின் தொடக்கத்தில் ராபர்ட் காலகர் கண்டுபிடித்து, பல வருடம் அலமாரியில் கிடந்த எல்டிபிசி ஒரு பக்கம். துருக்கியின் பில்கென்ட் பல்கலைக்கழகத்தில் எர்தால் அரிகான் 2009இல் வெளியிட்ட போலார் குறிமுறை இன்னொரு பக்கம். 3ஜியிலும் 4ஜியிலும் நன்றாக ஓடிய டர்போ இன்னொரு பக்கம். நள்ளிரவு தாண்டியும் பேச்சு நடந்தது. கடைசியில், அதிவேக இணையத்தின் தரவு அலைவரிசைக்கு எல்டிபிசி, கட்டுப்பாட்டு அலைவரிசைக்குப் போலார் என்று முடிவானது. கைபேசி இஷ்டப்பட்டதைப் பயன்படுத்தலாம் என்று எழுதவில்லை. இந்த இடத்தில் இது, அந்த இடத்தில் அது, அவ்வளவுதான். இன்று எந்த 5ஜி கைபேசியைத் திறந்தாலும் இரண்டும் உள்ளே இருக்கும். 2018இல் இந்தக் குறிமுறைத் தேர்வில் யார் எதை ஆதரித்தார்கள் என்ற விவகாரம் சீனாவில் பொதுமக்கள் மத்தியிலேயே வெடித்து, லெனோவோ நிறுவனர் பகிரங்கமாக விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு குறிமுறைக்காக ஊரே பேசியது.

ஏன் அங்கே அவ்வளவு உறுதி? தொழில்நுட்பக் காரணம் உண்டு: இரண்டு பக்கமும் ஒரே குறிமுறையைப் பேசாவிட்டால் இணைப்பே கிடையாது. அதோடு இன்னொரு காரணமும் உண்டு. எந்தக் காப்புரிமை தரநிலைக்குள் வருகிறதோ அதற்கு ஒவ்வொரு கைபேசியிலிருந்தும் உரிமத் தொகை வரும். நியாயமான, பாரபட்சமற்ற நிபந்தனையில் தருகிறோம் என்று எழுதிக்கொடுத்தாலும் தொகை பெரியது. அந்த நியாயம் எவ்வளவு என்று கேட்டு வழக்குகள் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வரை போய், 2020இல் தீர்ப்பு வந்திருக்கிறது. ஆக, அறையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அதில் சொந்த அக்கறை இருந்தது. ‘வேண்டும்’ என்ற சொல்லுக்காக இரவெல்லாம் உட்கார்ந்து சண்டை போட ஆள் இருந்தார்கள்.

குறியாக்க அறிவிப்பை அணைக்கலாம் என்ற வரி வந்தபோது அதற்காக நள்ளிரவு வரை உட்கார்ந்து வாதாட அங்கே யார் இருந்திருப்பார்கள்? கைபேசியை வாங்கிப் பயன்படுத்தும் மனிதருக்கு அந்த அறையில் இடம் இல்லை.

மற்றவர்களுக்கு இடம் கிடைத்திருக்கிறது. கார்களுக்காக 5ஜிஏஏ என்ற கூட்டமைப்பு உங்களுடைய சந்தைப் பிரதிநிதியாக இருக்கிறது. தொழிற்சாலைகளுக்காக 5ஜி-ஏசிஐஏ இருக்கிறது. போலீஸ், தீயணைப்பு, மீட்புப் பணியாளர்களின் தகவல்தொடர்புக்காக டிசிசிஏ இருக்கிறது. அவர்கள் வந்ததால் என்ன நடந்தது என்று பாருங்கள். பொத்தானை அழுத்தியதும் குழு முழுக்கக் கேட்கும் பேச்சு வசதி, நெரிசலிலும் அறுந்துபோகாதது, எங்களுக்கு வேண்டும் என்று மீட்புத் துறையினர் கேட்டார்கள். அதற்கென்றே ஒரு செயற்குழுவைத் தொடங்கினீர்கள். ரிலீஸ் என்று எண் போட்டு நீங்கள் வெளியிடும் ஸ்பெக் பதிப்புகளில், 2016இல் முடிந்த ரிலீஸ் 13இல் அது வந்துவிட்டது. டவருக்கும் டவருக்கும் 6 கிலோமீட்டர் இடைவெளி இருக்கும் கிராமப்புறத்தையும் வைத்து 5ஜியை மதிப்பிட வேண்டும் என்று இந்தியத் தரப்பு சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தில் வலியுறுத்தியது. அந்த 6 கிலோமீட்டர் மதிப்பீட்டு நிலைமைகளில் சேர்ந்தது. வந்து கேட்டால் நடக்கிறது. அதனால்தான் வர முடியாதவர்களைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

வர முடியாதவர்களுக்கு எழுதப்பட்ட ‘லாம்’கள் ஒன்றிரண்டு இல்லை. 4ஜியில் டவருக்கும் கைபேசிக்கும் இடையே போகும் கட்டளைகள் வழியில் மாற்றப்படவில்லை என்று உறுதிசெய்யும் பாதுகாப்பைக் கட்டாயமாக்கினீர்கள். பயனரின் சொந்தத் தரவுக்கு அந்தப் பாதுகாப்பைத் தரவில்லை. 2018இல் ஜெர்மனியின் போஹும் ரூர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஆய்வாளர்கள், குறியாக்கத்தை உடைக்காமலேயே வழியில் தரவுப் பொட்டலத்தின் முகவரியை மாற்றி, பயனரை வேறு தளத்துக்கு இழுத்துப்போகலாம் என்று செய்துகாட்டினார்கள். 5ஜியில் அந்தப் பாதுகாப்பைக் கொண்டுவந்தீர்கள். ஆனால் ரிலீஸ் 15இல் கைபேசி நொடிக்கு 64 கிலோபிட் வேகத்துக்கு மட்டும் அதைத் தாங்கினாலே போதும் என்று விட்டீர்கள். 5ஜி என்று கேட்டு வாங்குகிறவருக்கு அது என்ன வேகம் என்று உங்களுக்கே தெரியும். ரிலீஸ் 16இல் முழு வேகத்துக்கும் கைபேசி தாங்க வேண்டும் என்று திருத்தினீர்கள். அந்தத் திருத்தத்துக்கு உண்மையாகவே நன்றி. இருந்தாலும், அதை நெட்வொர்க் பயன்படுத்துவது இன்னும் விருப்பம்தான். குறியாக்கமும் அப்படியே: சட்டம் அனுமதிக்கும் இடங்களில் பயன்படுத்துவது நல்லது என்றுதான் இருக்கிறது.

சந்தாதாரரின் அடையாள எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 2ஜி தொடங்கி 4ஜி வரை, டவர் கேட்டால் கைபேசி அந்த எண்ணை வெளிப்படையாகச் சொல்லிவிடும். போலி டவர் வைத்துக் கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று கணக்கெடுக்க அதுவே போதும். 5ஜியில் அந்த எண்ணைப் பூட்டி அனுப்பும் முறையைக் கொண்டுவந்தீர்கள். பல வருடக் குறையைத் தீர்த்த வேலை அது. ஆனால் கூடவே, பூட்டாமல் அப்படியே அனுப்பும் ஒரு முறையையும் வைத்தீர்கள். பூட்டுவதற்குத் தேவையான தன் பொதுச் சாவியைச் சேவை நிறுவனம் சிம்மில் வைக்காவிட்டால் கைபேசி அந்தப் பூட்டில்லாத முறைக்குப் போய்விடும். தன் சிம்மில் சாவி இருக்கிறதா என்று பயனர் எப்படித் தெரிந்துகொள்வார்? தெரிந்துகொள்ள வழியே இல்லை.

இந்த ‘லாம்’ உயிர் போகும் விஷயத்திலும் வந்து நின்றது. 4ஜியில் குரல் அழைப்பைப் பல விதமாகச் செய்யலாம் என்று ஸ்பெக்கில் ஏராளமான தேர்வுகள் இருந்தன. அவற்றை வெட்டிக் குறைத்து, எல்லோரும் இதைச் செய்யுங்கள் என்று சொல்லவே தொழில்துறை தனியாக ஒரு சுருக்கப் பட்டியல் எழுத வேண்டியிருந்தது. அப்படியும் ஒவ்வொரு கைபேசியும் ஒவ்வொரு மாதிரி வந்தது. சாதாரண அழைப்பை 4ஜியில் செய்யும், அவசர அழைப்பென்றால் மட்டும் 3ஜிக்கு இறங்கும். 3ஜி இருந்தவரை இது யாருக்கும் தெரியவில்லை. 2024 அக்டோபரில் ஆஸ்திரேலியாவில் 3ஜியை அணைத்தபோது, அவசர எண்ணை 4ஜியில் அழைக்க முடியாத கைபேசிகளுக்குச் சேவையே தரக் கூடாது என்று உத்தரவு போட வேண்டியதாயிற்று. நன்றாக வேலை செய்துகொண்டிருந்த கைபேசி ஒரே நாளில் பயனற்றுப்போனது. ஏன் என்று கேட்டவர்களுக்கு, எங்கோ ஒரு கூட்டத்தில் எழுதப்பட்ட விருப்பத்தேர்வு என்று யார் விளக்குவார்கள்?

இத்தனைக்கும் அவசர அழைப்பில் நீங்கள் உறுதியாக இருந்த இடமும் உண்டு. 112ஐயும் 911ஐயும் கைபேசி அவசர எண் என்று தானாகவே அறிந்திருக்க வேண்டும் என்று எழுதினீர்கள். அதற்கு நாங்கள் சோதனை வைத்திருக்கிறோம். அந்தச் சோதனையில் தோற்ற கைபேசியை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மூன்று வாரம் கழித்துச் சரியாகித் திரும்ப வந்தது. ‘வேண்டும்’ என்ற சொல் எனக்குக் கொடுக்கும் அதிகாரம் அது.

மொழி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இது என் எழுத்தைத் தொட்டது. 1985இல் ஜெர்மனியின் பான் நகரில் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லெபிராண்ட் தட்டச்சுப்பொறியில் வாக்கியங்களை அடித்து எண்ணிப் பார்த்தார். பெரும்பாலானவை 160 எழுத்துக்குள் அடங்கின. குறுஞ்செய்திக்கு 160 போதும் என்ற முடிவு அந்த வழியில் வந்தது. அவர் அடித்தது லத்தீன் எழுத்துகளில். 140 பைட்டில் 7 பிட் எழுத்துகள் 160 அடங்கும். தமிழுக்கு எழுத்துக்கு 16 பிட் வேண்டும், அதனால் 70தான். அந்த 70உம் நாம் எண்ணும் எழுத்து இல்லை. ‘வணக்கம்’ என்பது நமக்கு ஐந்து எழுத்து. புள்ளிகள் தனிக் குறியீடாகச் சேர்வதால் கைபேசிக்கு ஏழு. கொஞ்சம் விரிவாக எழுதினால் ஒரு செய்தி இரண்டாக உடைகிறது.

இதை நீங்கள் கவனிக்காமல் இல்லை. ரிலீஸ் 8இல் துருக்கி, ஸ்பானிய, போர்த்துகீசிய மொழிகளுக்குத் தனி எழுத்து அட்டவணை கொடுத்தீர்கள். ரிலீஸ் 9இல் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி, வங்காளம், உருது என்று வரிசையாகச் சேர்த்தீர்கள். அந்த அட்டவணையை முதன்முதலில் ஸ்பெக்கில் பார்த்த நாள் நினைவிருக்கிறது. அ, ஆ, இ என்று கட்டம் கட்டமாக, உலகம் முழுவதும் படிக்கும் ஒரு தொழில்நுட்ப ஆவணத்தில். அதைப் பயன்படுத்தினால் ஒரே செய்தியில் 155 குறியீடு வரை போகும். உடனே ஒரு கைபேசியை எடுத்துத் தமிழில் தட்டச்சு செய்து லாக்கைப் பார்த்தேன். 16 பிட்தான் போனது. அடுத்த கைபேசி, அதுவும் அப்படியே. அதற்குப் பிறகு என் மேஜைக்கு வந்த கைபேசிகளில் அந்த அட்டவணையை அனுப்பும் பக்கத்தில் பயன்படுத்திய ஒன்றையும் நான் பார்க்கவில்லை. பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று உங்கள் ஸ்பெக் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. யாரோ உட்கார்ந்து அக்கறையோடு ஒவ்வொரு எழுத்தையும் அதன் கட்டத்தில் வைத்தார்கள். அந்த உழைப்பு ஒரு ‘லாம்’ என்ற சொல்லால் பின்னிணைப்பிலேயே தங்கிவிட்டது.

நீங்கள் சொல்லக்கூடிய பதிலும் எனக்குத் தெரியும். சில நாடுகளில் குறியாக்கத்துக்குச் சட்டத் தடை உண்டு. அங்கேயும் கைபேசி வேலை செய்ய வேண்டும். சிம் இல்லாத அவசர அழைப்பில் சாவியே இருக்காது, அங்கே குறியாக்கம் எப்படி வரும்? எங்களைப் போன்ற சோதனைக்கூடங்களுக்கே குறியாக்கம் இல்லாத முறை தேவை. எல்லாம் நியாயம். குறியாக்கமில்லாத முறையை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது நடக்கும்போது கையில் கைபேசி வைத்திருப்பவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதை மறைக்கும் உரிமையை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

காரணம் எழுதாமல் விட்ட முடிவுகள் பிறகு எப்படித் திரும்பி வரும் என்பதற்கு உங்கள் துறையிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. 2ஜி இணையத்துக்காக 1990களில் உருவாக்கிய ஜிஇஏ-1 என்ற குறியாக்க முறையை ரகசியமாகவே வைத்திருந்தார்கள். 64 பிட் சாவி என்றார்கள். 2021இல் ஆய்வாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்தபோது, உண்மையான பலம் 40 பிட்தான் என்று தெரிந்தது. தற்செயலாக அப்படி அமைய வாய்ப்பு இல்லை என்றும் காட்டினார்கள். அந்தக் கால ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளுக்காகப் பலம் குறைக்கப்பட்டது என்ற ஒப்புதல் அதற்குப் பிறகுதான் வந்தது. இருபது வருடத்துக்கு மேலாக அது கைபேசிகளுக்குள் உட்கார்ந்திருந்தது. பலத்தைக் குறைத்ததையும் அதன் காரணத்தையும் அன்றே வெளிப்படையாக ஒரு வரி எழுதியிருந்தால், எப்போது எடுக்க வேண்டும் என்று யாராவது கேட்டிருப்பார்கள்.

அதனால் நான் கேட்பது இது. பயனரின் அந்தரங்கம், உயிர்ப் பாதுகாப்பு, மொழி ஆகியவற்றைத் தொடும் எந்த வரியிலும் ‘லாம்’ போடும்போது, கீழே ஒரு பத்தி எழுதுங்கள். இதை ஏன் கட்டாயமாக்கவில்லை, அணைக்கும் உரிமை யாருக்கு, அணைத்தால் யாருக்கு என்ன நடக்கும், மறுபடி எப்போது பரிசீலிப்பீர்கள். கூட்டக் குறிப்புகளில் ஆவணத்துக்கு எதிரே ‘கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்று ஒரு சொல் மட்டும் போட்டுவிட்டுப் போகிறீர்கள். ஒரு கோரிக்கை ஏன் நின்றுபோனது என்பதை அந்த ஒரு சொல்லிலிருந்து யாராலும் தெரிந்துகொள்ள முடிவதில்லை. காரணம் எழுதுவதற்கு நேரம் ஆகும் என்பீர்கள். மாற்றக் கோரிக்கைப் படிவத்தில் ‘மாற்றத்துக்கான காரணம்’ என்று ஒரு கட்டம் ஏற்கெனவே இருக்கிறது. ‘ஏற்காவிட்டால் என்ன விளைவு’ என்று இன்னொரு கட்டமும் இருக்கிறது. பயனருக்கு என்ன விளைவு என்று மூன்றாவதாக ஒரு கட்டம் போதும்.

அப்புறம் அந்த அறையில் இடம். கார்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் கொடுத்த அதே இடத்தைப் பயனர் அமைப்புகளுக்கும், மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகளுக்கும், எதையும் விற்காத பாதுகாப்பு ஆய்வாளர்களுக்கும் கொடுங்கள். குறிப்பாகத் தேவைகளை எழுதும் முதல் கட்டத்திலேயே கொடுங்கள். மூன்றாம் கட்டத்தில், பிட் பிட்டாக எழுதும்போது வந்து ஒன்றும் செய்ய முடியாது. வருடத்துக்குப் பல கூட்டம், ஒவ்வொன்றும் ஒரு கண்டத்தில், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம். சம்பளம் கொடுத்து அனுப்ப ஒரு நிறுவனம் இல்லாதவர் எப்படி வருவார்? கொரோனா காலத்தில் ஒரு விமானமும் ஏறாமல் ரிலீஸ் 16ஐ முடித்தீர்கள், ரிலீஸ் 17இன் பெரும்பகுதியை நகர்த்தினீர்கள். கஷ்டமாக இருந்தது, பாதிப் பேருக்கு நடுராத்திரியில் கூட்டம் நடந்தது, அதெல்லாம் உண்மை. முழுக்க அப்படியே நடத்துங்கள் என்று சொல்லவில்லை. கேட்கவும் ஒரு வார்த்தை சொல்லவும் தொலைவிலிருந்து முடியும் என்று நிரூபித்தவர்கள் நீங்கள்தான். அந்த வழியைப் பணம் இல்லாதவர்களுக்காகத் திறந்து வையுங்கள்.

இப்போது கேட்பதற்குக் காரணம் உண்டு. சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் 6ஜிக்கான சட்டகத்தை 2023 நவம்பரில் ஏற்றுக்கொண்டது. பாதுகாப்பும், இணைக்கப்படாதவர்களை இணைப்பதும் அதில் எல்லாவற்றுக்கும் பொதுவான நோக்கங்களாக எழுதப்பட்டிருக்கின்றன. 2024 மேயில் ராட்டர்டாமில் தேவைகளைப் பற்றிப் பேசினீர்கள், 2025 மார்ச்சில் தென்கொரியாவின் இன்சியானில் தொழில்நுட்பம் பற்றிப் பேசினீர்கள். ரிலீஸ் 20 ஆய்வுக்கு, ரிலீஸ் 21 முதல் ஸ்பெக்குக்கு. அந்த ஸ்பெக் உறைந்துவிட்டால் அதிலிருக்கும் ஒவ்வொரு ‘லாம்’ உம் இருபது வருடம் மக்கள் கையில் இருக்கும். 1991இல் தொடங்கிய 2ஜியின் குறைகளோடு நாங்கள் இன்னும் போராடிக்கொண்டிருக்கிறோம். 2ஜியை அணைக்கும் ஒரு பொத்தானைப் பயனருக்குக் கொடுக்க ஆண்ட்ராய்டு 12 வர வேண்டியிருந்தது. அது வந்தது 2021இல்.

என்னால் ஆனதை நானும் செய்கிறேன். குறியாக்கம் இல்லாதபோது எந்தக் கைபேசி என்ன காட்டுகிறது, எந்தச் சிம்மில் அந்த பிட் எப்படி இருக்கிறது, எந்தக் கைபேசி எந்த எழுத்து அட்டவணையைப் பயன்படுத்துகிறது என்று நிறுவனப் பெயர்களை நீக்கி ஒரு பட்டியல் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். அன்று கேள்வி கேட்ட தம்பிதான் சோதனைகளை ஓட்டுகிறார். ரிலீஸ் 21இன் பாதுகாப்புத் தேவைகள் முதல் வரைவாக வரும்போது அந்தப் பட்டியலை உங்கள் பாதுகாப்புச் செயற்குழுவுக்கு அனுப்ப விரும்புகிறேன். உறுப்பினர் அல்லாத ஒருவர் அனுப்பும் ஆவணத்தை எந்த முகவரியில் வாங்கிக்கொள்வீர்கள், அது கூட்டத்தில் யாருடைய மேஜைக்குப் போகும் என்பதை மட்டும் தெரியப்படுத்துங்கள்.

இப்படிக்கு,
ஒரு கைபேசிச் சோதனைப் பொறியாளர்